அரண்மனையைப் பிரித்தவள்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது மலாயில் கேட்டால் தனேஸ்வரி சிரித்துக்கொண்டே "பெச்சா ரூமா" என்பாள். வீடு உடைப்பது என்று பொருள். திருடன் வீடு புகுந்து திருடுவதற்கும் மலாயில் அதே சொல்தான். தஞ்சோங் காராங் போகும் சாலையில் ஒரு தடுப்புச் சோதனை. லோரியின் பின்னால் கிடந்த கடப்பாரைகளையும் ஆணி பிடுங்கிகளையும் பார்த்த போலீஸ்காரர் என்ன வேலை என்று கேட்டார். அவளும் வழக்கம்போல அதையே சொல்லிவைக்க, அரைநாள் நிலையத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. அழைத்துப்போக வந்த கணவன் சசிகுமார் வழிநெடுகத் திட்டினான். அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத் தண்டனை என்றால் அங்கே பெஞ்சில் உட்கார வைத்ததுதான். மற்றதெல்லாம் வேடிக்கை.

உட்காரவே தெரியாது அவளுக்கு. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடித்து, மறு காலை எழுந்து ஓடத் தோதாக வைத்திருப்பாள். ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது தோட்டம் கைமாறியது. செம்பனைகளைச் சாய்த்துவிட்டு வீடமைப்புக்காரர்கள் வந்தார்கள். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களைக் கொண்டுபோய்த் தற்காலிக நீள்வீடுகளில் வைத்தார்கள். சீக்கிரமே சொந்த வீடு என்றார்கள். அவள் இடைநிலைப்பள்ளியை முடிக்கும்வரைக்கும் அந்தத் தற்காலிகம் நீண்டது. அவள் அப்பா சன்னாசி, லயத்துக்குப் பின்னால் தன் கையால் கட்டியிருந்த சமையற்கட்டைப் பலகை பலகையாகக் கழற்றி லோரியில் ஏற்றி வந்திருந்தார். புது இடத்தில் எதையும் ஒட்டிக் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பலகைகள் சுவரில் சாய்ந்தபடியே கறையானுக்குப் போயின.

லயத்தை நினைத்து அவள் ஒருநாளும் ஏங்கியதில்லை. ஒழுகும் தகரமும் கக்கூசு வரிசையும் ஒழிந்தது நல்லதுதான் என்பாள். ஆனால் "இது கொஞ்ச நாளைக்குத்தான்" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்ததில், அவள் உடம்புக்குள் ஏதோ ஒன்று அடங்காமல் போயிற்று. கையுறை ஆலையில் சேர்ந்தாள், விட்டாள். பேரங்காடியில் சேர்ந்தாள், விட்டாள். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். அதே சாலையில் தினமும் போய் வருவது பொறுக்காமல் அதையும் விட்டாள். கடைசியில் தஞ்சோங் காராங்கில் பழைய மரம் விற்கும் ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், வந்து சேர்ந்தாள். கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்களின் பழைய மரவீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, பலகையாகவும் சட்டமாகவும் விற்பது அவர் தொழில். ஒரு வீடு முடிந்தால் வேறோர் ஊரில் வேறொரு வீடு. அந்த வேலை மட்டும் அவளைப் பிடித்துவைத்தது. அங்கே லோரி ஓட்டிய சசிகுமாரையே கட்டிக்கொண்டாள். அவன் நேர் எதிர். ஓரிடத்தில் லோரியை நிறுத்தினால் நிறுத்தின இடத்திலேயே தூங்கிவிடுவான்.

அவளுக்கு நாற்பது நெருங்கும்போது அலீசியா வந்தாள். கிள்ளானைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவதைப் படிப்பாகவே படித்தவள். தவுக்கேயின் கொட்டகைக்குள் சேற்றுக் காலணியோடு நுழைந்து, அடுக்கியிருந்த மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கதான் ஆணி வளையாம புடுங்குற ஆளா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. ஒரு அரண்மனை இருக்கு கா. பிரிக்கணும்."

"அரண்மனைய எதுக்கு மேடம் பிரிக்கிறீங்க?"

"திரும்பக் கட்டுறதுக்கு."

தனேஸ்வரி கையிலிருந்த ஆணி பிடுங்கியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ வீடுகளைக் கீழே இறக்கியிருக்கிறாள். எதையும் மறுபடி நிறுத்தியதில்லை.

அரண்மனை என்றதும் பளிங்கும் கும்மட்டமும்தான் அவள் நினைவுக்கு வந்தன. அலீசியா அவளை முதலில் கூட்டிப்போனது கோலசிலாங்கூர்க் குன்றுக்கு. ஊர்க்காரர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை இடம். குரங்குகளுக்கு நீட்டப் பயற்றங்காய்க் கட்டு வாங்கிக்கொண்டு மேலே போவார்கள். சாம்பல் நிறத் தாய்க்குரங்குகள் ஆரஞ்சு நிறக் குட்டிகளை வயிற்றில் ஒட்டிக்கொண்டு தோளில் வந்து குந்தும். தனேஸ்வரியும் பலமுறை ஏறியிருக்கிறாள். ஆனால் அங்கே சுவர் என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கவனித்தாள். பாசி பிடித்துக் கறுத்த கல் அடுக்கு, குன்றின் விளிம்பை ஒட்டி வளைந்து போயிற்று. சில இடத்தில் ஆள் உயரம், சில இடத்தில் முழங்கால் உயரம். ஆல வேர்கள் கற்களைக் கவ்விப் பிடித்திருந்தன. பீரங்கிகள் எல்லாம் ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வெள்ளைக் கலங்கரை விளக்கம் பின்னால் வந்த வெள்ளைக்காரன் கட்டியது. அரச குடும்பத்துக் கல்லறைகள் தனியே நிழலில் கிடந்தன.

"டச்சுக்காரன் கப்பல்ல வந்து கோட்டைய புடிச்சிட்டான்" என்றாள் அலீசியா. "சுல்தான் காட்டு வழியா பகாங்குக்குத் தப்பிச்சிப் போனாரு. ஒரு வருஷம்கூட ஆகல, ஆள் சேத்துக்கிட்டு வந்து திரும்பப் புடிச்சிட்டாரு."

"சரி, அரண்மனை எங்க?"

"அதான் இல்ல. சண்ட போடுற எடத்துக்குத்தான் கல்லு. இருக்குற வீட்ட மரத்துல கட்டுவாங்க. ராஜா எடம் மாறுனா அரண்மனையும் மாறும். இங்கேருந்து ஜுக்ரா, கிள்ளான்னு அவங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தாங்க."

"ராஜாவுமா?" என்றாள் தனேஸ்வரி. அலீசியா புரியாமல் பார்த்தாள்.

அவர்கள் பிரிக்க வேண்டியது பெரிய சுல்தானின் அரண்மனை அல்ல. ஆற்றின் மேற்புறம், கம்பத்து டுரியான் மரங்களுக்கு நடுவில், கிளைவழியில் வந்த ஒரு சிற்றரசர் நூறு வருடத்துக்கும் முன்பே கட்டிய மாளிகை. வாரிசுகள் தலைநகருக்குப் போய்விட்டதால் அதை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்திருந்தார்கள். கோட்டைக் குன்றின் அடியில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினால், மேலே கோட்டை, கீழே அரண்மனை என்று வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பது திட்டம்.

மாளிகையைக் கண்டதும் தனேஸ்வரி சுற்றிச் சுற்றி நடந்தாள். மூன்று வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து நிற்பதுபோல இருந்தது. முன்னால் ஆட்களைச் சந்திக்கும் திறந்த கூடம், நடுவில் குடும்பம் வாழும் தாய்வீடு, பின்னால் சமையல் வீடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செங்குத்துக் கூரை. எல்லாம் தரைக்கு மேல் ஆள் உயரத்தில், செங்கால் என்னும் இரும்பு போன்ற மரத்தூண்களின்மேல் நின்றன. தூண்கள் மண்ணில் புதையவில்லை. கல் பீடங்களின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. சன்னல்களுக்கு மேல் கொடியும் இலையுமாகக் குடைந்தெடுத்த பலகைகள். அவற்றின் வழியே வெயில் உள்ளே இறங்கித் தரையில் கோலம் போட்டது. வெளியே புழுங்கித் தள்ளிய நேரத்தில் உள்ளே காற்று ஓடிக்கொண்டிருந்தது. ஆணி தேடினாள். ஓர் இடத்திலும் இல்லை. துளைக்குள் இறங்கும் கழுந்து முனை, கழுந்துக்குக் குறுக்கே மர ஆப்பு, அவ்வளவுதான் கட்டு.

"இத எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று அவள் கேட்டது அலீசியாவை அல்ல, பாக் தாவூட்டை. பாகான் நக்கோடா ஓமார் என்ற மீனவர் ஊரில் படகு கட்டிக்கொண்டிருந்தவர் அவர். அறுபது வயது மரத்தச்சர். அவரும் தலையைச் சொறிந்தார். கடைசியாகப் போட்ட ஆப்பு எதுவோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்றார். அந்தக் கடைசி ஆப்பைத் தேடவே பல நாள் ஆயிற்று.

கூரை இறங்கி, கூடத்தின் முதல் சட்டத்தை உருவியபோதுதான் கழுந்தின் அடியில் உளியால் வெட்டிய ஓர் அடையாளம் தெரிந்தது. மலாயை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்து. பாக் தாவூட் விரலால் தடவிப் படித்தார்: அலிஃப். அடுத்த கழுந்தில் பா. எது எதோடு சேரும் என்று கட்டியவர்களே குறித்து வைத்திருந்தார்கள். அலீசியா மகிழ்ச்சியில் ஏணியிலேயே குதித்தாள். தனேஸ்வரி மட்டும் சட்டத்தை இன்னும் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொன்னு இருக்குது பாருங்க. இந்தக் கோடு."

எழுத்துக்குப் பக்கத்தில், இன்னும் பழையதாக, தேய்ந்துபோன வெட்டுக்கோடுகள். அடுத்த சட்டத்திலும் இருந்தன. இரண்டும் வேறு வேறு கை; வேறு வேறு உளி.

அலீசியாவின் குரல் தாழ்ந்துவிட்டது. "அப்படின்னா இத ஏற்கெனவே ஒரு தடவ பிரிச்சிருக்காங்க. வேற எங்கேயோ இருந்து கழட்டிக் கொண்டாந்து இங்க கட்டிருக்காங்க."

"எங்கேருந்து?"

"தெரியல கா. யாரும் எழுதி வைக்கல."

தனேஸ்வரிக்கு அதற்குப் பிறகு வேலை வேறு மாதிரியாகிவிட்டது. வீட்டில் சோறு போட்டபடியே சசிகுமாரிடம் சொன்னாள்: "அது அந்த எடத்துல பொறந்த வீடே இல்லீங்க. படகுல ஏறி வந்துருக்கும். நாங்க லோரியில ஏறின மாதிரி." அவன் சாப்பிட்டுக்கொண்டே, "சரி, நம்ம வீட்டுக்கு வா" என்று தன் பேச்சைத் தொடங்கினான். பெஸ்தாரி ஜெயாவில் அவன் ஒரு புதுத் தொடர்வீட்டுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. தரைக்கு என்ன நிற ஓடு என்று பல மாதமாகக் கேட்கிறான். அவள் "அப்புறம் பாக்கலாம்" என்று எழுந்து தட்டைக் கழுவப் போனாள்.

மாளிகை முழுவதும் குன்றின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது மழைக்காலம் நெருங்கியிருந்தது. புதிய கல் பீடங்கள் அமைப்பதற்குள் திரும்பக் கட்டும் பொறுப்பை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர், வேறெங்கோ பெரிய வேலை கிடைத்ததும் ஆட்களோடு நழுவிவிட்டார். வேலை நின்றது. தகரக் கொட்டகையில், கேன்வாஸ் போர்த்தி, அரண்மனை அடுக்கடுக்காகக் கிடந்தது. அறக்கட்டளையில் கூட்டம்மேல் கூட்டம் நடந்தது. செதுக்குப் பலகைகளை மட்டும் ஓர் உல்லாச விடுதிக்காரர் கேட்கிறார், கொடுத்துவிட்டால் தலைவலி தீரும் என்று யாரோ பேசத் தொடங்கினார்கள். அலீசியா அந்தக் கூட்டங்களில் தனியாக மல்லுக்கட்டினாள்.

தவுக்கே போன் செய்தார். செக்கிஞ்சானில் ஒரு பெரிய நெல்லாலை பிரிக்கக் கிடைத்திருக்கிறது, வா என்றார். வேறு சமயமாக இருந்தால் அவள் அடுத்த நிமிடமே கிளம்பியிருப்பாள். அன்று முடியாது என்றாள். சொன்னபிறகு அவளுக்கே திகைப்பாக இருந்தது.

யாரும் கேட்காமலே தினமும் கொட்டகைக்குப் போனாள். கேன்வாஸைத் தூக்கிக் காற்று விட்டாள். கீழடுக்கை மேலேயும் மேலடுக்கைக் கீழேயும் மாற்றி வைத்தாள். கறையான் மண்கோடு ஏறுகிறதா என்று கட்டைகளைச் சுற்றி வந்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லாத நேரத்தில் குன்றைச் சுற்றி நடந்தாள், திரும்ப வந்தாள், மறுபடி நடந்தாள். ஒரு வேலையை விட்டுப் போகும்போது வராத படபடப்பு, விடாமல் இருப்பதில் வந்தது. உள்ளங்கால் குறுகுறுத்தது. வீட்டுக்கு வந்தால் தூக்கம் பிடிக்கவில்லை.

பெஸ்தாரி ஜெயா வீட்டின் சாவி வந்த அன்று பெரிய சண்டை.

"யாரோ ஒரு ராஜா வீட்டுக்குப் போயி காவ இருக்க. நம்ம வீட்டுக்கு ஒரு தடவ வந்து பாக்க முடியல, இல்ல?" என்றான் சசிகுமார்.

"வரேன் லா. மழ விடட்டும்."

"ஒனக்கு என்னதான் பயம் தனே?"

அவள் கதவருகில் நின்றாள். "எல்லாத்தையும் எடுத்து வச்சி, சாமி படம் மாட்டி, அதுக்கப்புறம் எவனாவது வந்து ஏத்து லோரியிலன்னு சொல்வான். எனக்கு அந்த நெனப்பு போவல."

"அது தோட்டத்து வீடு. இது நம்ம வீடு. யாரும் சொல்ல முடியாது."

"தெரியுது. மண்டைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியல."

அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். கோபத்தில் கத்துகிறவன் இல்லை அவன். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் பெரிய தண்ணி என்று மீனவர்கள் பேசிக்கொண்டார்கள். கடல் ஏற்றமும் மேலே பெய்த மழையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஆறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அன்று காலையில் வானம் இருட்டிக் கிடந்தது. தனேஸ்வரி கொட்டகையில் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அந்தப் பக்கம் வரவில்லை. பின்பக்கக் கால்வாயிலிருந்து, சத்தமே இல்லாமல், தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைத் தொட்டது.

முதலில் சசிகுமாருக்குத்தான் போன் அடித்தாள். சண்டைக்குப் பிறகு சரியாகப் பேசாமல் இருந்தவர்கள்.

"லோரி எங்க இருக்கு?"

"ஜெராம்ல. ஏன்?"

"தண்ணி ஏறுது. அரண்மனைய ஏத்தணும்."

அவன் உடனே லோரியைக் கிளப்பினான். வரும் வழியில் பாக் தாவூட்டையும், அவரோடு மார்க்கெட்டில் நின்ற சில ஆட்களையும் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தான். அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. தூண்களைத் தூக்க முடியாது, அவை கிடக்கட்டும், செங்கால் மிதக்காது, நனைவதால் கெடாது என்றார் பாக் தாவூட். செதுக்குப் பலகைகள், சுவர்ப் பலகைகள், ஆப்புகள் நிறைந்த கூடைகள் முதலில் ஏறின. அடுத்து தரைப்பலகைகள்.

"எங்க கொண்டுபோறது?" என்று சசிகுமார் ஓட்டுநர் இருக்கையிலிருந்து கத்தினான். சுற்றிலும் பார்த்தால் எல்லாம் தாழ்ந்த நிலம். தனேஸ்வரி மேலே கையைக் காட்டினாள்.

குன்றுப் பாதையின் தடுப்பில் நின்ற காவலாளி, அனுமதிக் கடிதம் கேட்டார். இல்லை என்றாள். பாதுகாக்கப்பட்ட இடம், லோரி மேலே ஏறக்கூடாது என்றார். "தண்ணீர் யாரிடம் கடிதம் வாங்கி வந்தது?" என்று அவள் மலாயில் கேட்டாள். அவர் கீழே எட்டிப் பார்த்தார். கொட்டகையின் கேன்வாஸ் தண்ணீரில் ஊதி மிதந்துகொண்டிருந்தது. தடுப்பைத் தூக்கிவிட்டு, திரும்பி நின்று மழையைப் பார்க்கத் தொடங்கினார்.

லோரி பலமுறை ஏறி இறங்கியது. கோட்டைச் சுவரின் உட்பக்கம், காற்று படாத வளைவில், கற்களின்மேல் குறுக்குக் கட்டை போட்டுப் பலகைகளை அடுக்கினார்கள். குளிரில் எல்லோருக்கும் பல் கிட்டித்தது. தனேஸ்வரி மட்டும் அன்றுதான் பல வாரத்துக்குப் பிறகு அமைதியாக மூச்சு விட்டாள். தூக்கு, இறக்கு, ஓடு என்று உடம்புக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கடைசி நடை முடிந்து மழையும் தணிந்தபோது மரங்களிலிருந்து குரங்குகள் இறங்கி வந்து, செதுக்குப் பலகையின் ஓட்டை வழியே கையை விட்டுப் பார்த்தன. பாக் தாவூட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். கோட்டை கட்டியதே இதற்குத்தானே, அரண்மனைக்காரர்கள் ஓடி வந்து ஒளிந்துகொள்ள, என்றார். சசிகுமார் தன் உலர்ந்த சட்டையை லோரியிலிருந்து எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டான்.

அன்றைக்குச் செய்ததற்குப் பாராட்டு ஒன்றும் வரவில்லை. அனுமதி இல்லாமல் வரலாற்றுச் சின்னத்துக்குள் லோரி ஏற்றியதற்கு விசாரணைதான் வந்தது. அறக்கட்டளைக் கூட்டத்தில் அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். யார் உத்தரவு? அவள் யாரும் இல்லை என்றாள். சுவரில் கீறல் விழுந்திருந்தால்? விழவில்லை என்றாள். அலீசியா எழுந்து, பழி தன்னுடையது, அந்தக் கொட்டகையைத் தாழ்வான இடத்தில் போடச் சம்மதித்தது தான்தான் என்றாள். அது உண்மையும்கூட. இருவரும் வெளியே வந்ததும் அலீசியா தனேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். "என்னைய வேலையிலேருந்து எடுத்துடுவாங்க கா" என்றாள்.

"எடுத்தா எடுக்கட்டும் அலீசியா. எனக்கு வேல விட்டுப் பழக்கம். சொல்லித் தரேன்."

மேடம் போய்ப் பெயர் வந்ததை இருவருமே அப்போது கவனிக்கவில்லை.

ஆனால் பலகைகள் மேலே வந்துவிட்டன. கீழே கொட்டகையில் கிடந்தவரை யார் கண்ணிலும் படாதது, இப்போது வாரந்தோறும் குன்றுக்கு வரும் கூட்டத்தின் நடுவில் கிடந்தது. இது என்ன, யாருடையது, ஏன் இப்படிக் கிடக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். படம் எடுத்துப் போட்டார்கள். பத்திரிகைக்காரர் வந்தார். வாரிசுகளில் ஒருவர் தலைநகரிலிருந்து வந்து, பலகைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விற்கும் பேச்சு எங்கிருந்து வந்தது என்று நேராகக் கேட்டுவிட்டுப் போனார். கோட்டைக்குள் அவற்றை வைத்திருக்கவும் முடியாது, இனி விற்கவும் முடியாது. கட்டுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. வேறு ஒப்பந்தக்காரர் வந்தார். அலீசியாவுக்கு வேலை தப்பியது. தனேஸ்வரிக்கு எச்சரிக்கையும் வந்தது, வேலையும் வந்தது.

கட்டும் வேலை அவளைப் படுத்தியெடுத்தது. பிரிப்பதற்கு ஒரு வேகம் உண்டு. கட்டுவதற்குப் பொறுமை வேண்டும்; அது அவளிடம் இல்லை. ஒரு கழுந்து துளைக்குள் இறங்காவிட்டால் சுத்தியலைத் தூக்கிவிடுவாள். பாக் தாவூட் கையைப் பிடித்துக்கொள்வார். மரம் தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறது, காயட்டும், நாளை தானே இறங்கும் என்பார். நாளை என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும். போய்க் குன்றைச் சுற்றி நடந்துவிட்டு வருவாள்.

தாய்வீட்டின் நடுத்தூணைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அதைக் கழுவித் தட்டிப் பார்த்தபோது அடிப்பாகம் வெறும் ஓடாகச் சத்தமிட்டது. உள்ளே கறையான் எப்போதோ தின்று முடித்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் சுற்றிச் சுற்றி வந்தும் இதைக் காணாமல் விட்டோமே என்று அழுதாள். அலீசியா அவள் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

"இது நீங்க பாத்த கறையான் இல்ல கா. நீங்க பொறக்குறதுக்கு முன்னாடியே தின்னது. அடிய மட்டும் வெட்டிட்டு வேற மரம் ஒட்டலாம். அப்படி ஒட்டுறதுக்கு ஒரு மொற இருக்கு."

"ஒட்டுனா பழசு ஆவுமா?"

"ஏன் ஆவாது? ரெண்டு தடவ ஊர் மாறியும் அது அதே அரண்மனதானே."

தவுக்கேயின் கொட்டகையில், ஏதோ ஒரு தோட்டத்து ஆலையிலிருந்து பிரித்த செங்கால் உத்தரம் கிடைத்தது. பழைய தூணும் புதிய அடியும் சாய்வாக ஒன்றை ஒன்று கவ்வும்படி பாக் தாவூட் செதுக்கினார். தூணை நிமிர்த்திய காலையில் கயிற்றின் ஒரு முனையைத் தனேஸ்வரி பிடித்தாள். கல் பீடத்தில் தூண் உட்கார்ந்து ஒரு சின்ன முனகல் கேட்டது. எல்லோரும் பிஸ்மில்லா என்றார்கள். அவள் முருகா என்றாள்.

சன்னல் பலகைகள் ஏறிய வாரத்தில் ஒருநாள் அவள் தானாகவே சசிகுமாரிடம், "அந்தச் சாவி எங்க?" என்று கேட்டாள். பெஸ்தாரி ஜெயா வீட்டில் ஒரு தட்டுமுட்டுச் சாமானும் இல்லை. வெறும் தரையில் நடந்து ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தாள். பின்பக்கக் கதவைத் திறந்து அங்கேயே நின்றாள். சசிகுமார் முன்வாசலில் நின்றபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்து வரல" என்றாள் அவள். "இந்தச் செவுத்துக்கு மேல ஒரு பலக வைக்கணும். ஓட்ட போட்டு."

"வைக்கலாம்."

"நான் எப்பயும் இங்கயே இருப்பேன்னு நெனைக்காதீங்க."

"யாரு இருக்கச் சொன்னா? வந்து வந்து போ. வீடு நான் பாத்துக்கறேன்."

அவள் சமையலறை மேடையில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு, சாம்பல் நிற ஓடு வேண்டாம், அழுக்குத் தெரியாமல் போய்விடும் என்றாள்.

அரண்மனை திறந்து சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாதாரண மனிதர்களாக அதைப் பார்க்கப் போனார்கள். செருப்பை அவிழ்த்துவிட்டுப் படியேறினார்கள். கூடம் முழுக்கக் கூட்டம். மேலே கோட்டையைப் பார்த்துவிட்டு வேர்வையோடு இறங்கி வந்தவர்கள், குடைந்த பலகைகளின் கீழே காற்று வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு தம்பதி தரையில் விழுந்த வெயில் கோலத்தைப் படம் எடுத்தது. சசிகுமார் ஒரு தூணோரம் வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

தனேஸ்வரி சாயவில்லை. பின்வீட்டுக்குப் போகும் நடையில் ஓர் ஆப்பு விரலளவு வெளியே வந்திருந்தது. மரம் காய்ந்ததில் தளர்ந்திருக்கும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். ஆப்பு உள்ளே போயிற்று.

"அக்கா, தொடாதீங்க!" என்று புதிதாக வேலைக்கு வந்திருந்த காவலாளிப் பெண் உஷாராணி ஓடி வந்தாள். "இது ரொம்பப் பழசு. கைய வைக்கக் கூடாது. போர்டுல எழுதிருக்குல்ல?"

"மன்னிச்சிரும்மா. பாக்கல" என்றாள் தனேஸ்வரி. சசிகுமார் வாயைத் திறக்கப் போனான். அவள் கண்ணால் அடக்கினாள்.

படியிறங்கி வரும்போது அவன் கேட்டான்: "சொல்லிருக்கலாம்ல, நீதான் கட்டினேன்னு?"

"அந்தப் பிள்ளைகிட்ட எதுக்கு? அது வேலைய அது சரியாப் பாக்குது."

செருப்பை மாட்டும்போதே அவள் போன் அடித்தது. அலீசியா. ராசா என்ற ஊரில் ஒரு பழைய மரப் பங்களா, சாலை அகலப்படுத்துகிறார்கள், இந்த மாதத்துக்குள் பிரித்தாக வேண்டும் என்றாள். மேல்மாடிப் படிக்கட்டு மட்டும் சிக்கல் போலிருக்கிறது, அக்கா வந்து பார்த்தால் தேவலை.

"எங்க கட்டப் போறீங்க திரும்ப?" என்று கேட்டாள் தனேஸ்வரி.

"அது இன்னும் முடிவாகல."

"முடிவு பண்ணிட்டு அப்புறம் பிரிப்போம்" என்றாள் அவள். பிறகு பேசிக்கொண்டே கார் நிறுத்துமிடத்தில் இங்கும் அங்கும் நடக்கத் தொடங்கினாள்.